‘வேண்டும்’ என்பதும் ‘லாம்’ என்பதும்: 74ஆவது அரசமைப்புத் திருத்தமும் பேரூராட்சி மக்களாட்சியும் – ஜலகண்டாபுரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதியை வழங்கியது. உள்ளாட்சி மன்றம் இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கிய அத்திருத்தம், அம்மன்றத்துக்கு அதிகாரம் அளிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. இவ்விரு வினைமுற்றுகளுக்கும் இடையிலான தொலைவு, ஊராகவும் நகராகவும் முழுமை பெறாத பேரூராட்சிகளில் எவ்வாறு மக்களாட்சிக் குறையாக வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் பேரூராட்சியை முன்வைத்து ஆராய்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டை மரபுப் பெருமிதமாக மட்டும் எடுத்தாளும் ஆய்வுப் போக்கையும், மாநில சுயாட்சிச் சொல்லாடல் உள்ளாட்சியின் வாயிலில் நின்றுவிடுவதையும் இது திறனாய்வுக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: அரசமைப்புத் திருத்தம், பேரூராட்சி, கிராம சபை, குடவோலை, மாநில சுயாட்சி, ஜலகண்டாபுரம்.

முன்னுரை

தமிழில் உள்ளாட்சி குறித்து எழுதப்படும் கட்டுரைகள் பல உத்திரமேரூரில் தொடங்கி, ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொட்டு, 1992ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தங்களில் நிறைவடைகின்றன. பழம்பெருமையில் தொடங்கி நிகழ்கால நிறைவில் முடியும் இவ்வமைப்பு படிப்பவர்க்கு மனநிறைவைத் தருகிறது. ஆனால் திருத்தம் நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும், ஒரு சிற்றூரினர்க்கும் அதனை அடுத்த சிறுநகரினர்க்கும் கிடைக்கும் மக்களாட்சி உரிமைகள் ஏன் வேறுபடுகின்றன என்னும் வினா அவ்வமைப்புக்குள் எழுவதேயில்லை.

அவ்வினாவை எழுப்புவதற்கு உரிய இடம் ஜலகண்டாபுரம். சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் அமைந்த இவ்வூர் நெசவுத் தொழிலால் அறியப்படுவது. திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன் இவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கி எழுதியவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. தறியும் வயலும் அடுத்தடுத்து இருக்கும் இத்தகைய ஊரை ‘ஊர்’ என்பதா, ‘நகர்’ என்பதா? அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பகுதி ஊராட்சிகளுக்கு உரியது. 9-அ பகுதி நகராட்சிகளுக்கு உரியது. ஓர் ஊர் எப்பகுதிக்குள் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அவ்வூர் மக்கள் எத்தனை வாக்கு அளிப்பர், எந்த அவையில் வினவுவர், எந்தத் திட்டத்துக்கு உரியவர் ஆவர் என்பவை முடிவாகின்றன. ஆகவே இது பெயரிடுதல் பற்றிய வினா மட்டும் அன்று. உரிமை பற்றிய வினா.

உத்திரமேரூர்: பெருமிதமும் பாடமும்

முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு உரிய (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்கள் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டனர். இந்திய அரசமைப்பு அவையில் 1948இல் ஊராட்சிகள் பற்றி விவாதம் நிகழ்ந்தபோது டி. பிரகாசம் இக்கல்வெட்டை எடுத்துக்காட்டினார். புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பர் 10 அன்று அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் இதனைக் குறிப்பிட்டார். எனவே உத்திரமேரூர் இன்று வரலாற்றுச் சான்றாக மட்டும் இல்லை. அரசியல் சொல்லாடலின் பகுதியாகவும் உள்ளது.

இச்சொல்லாடல் இரு செய்திகளை விட்டுவிடுகிறது. முதலாவது, அச்சபை யாருக்கு உரியதாக இருந்தது என்பது. உறுப்பினராவோர்க்கு இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். மிகுந்த வேதப் பயிற்சி உடையவர்க்கு நில அளவில் சலுகை இருந்தது. நிலமற்றோர்க்கும் பிற சாதியினர்க்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இதனை இன்றைய வயதுவந்தோர் வாக்குரிமையின் முன்னோடி என்று கூறுவது, வாக்குரிமைக்காக நிகழ்ந்த நவீனப் போராட்டங்களை மறைப்பதாகும்.

இரண்டாவது செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறுப்பினர் வயதை 30க்கு மேல் 60க்குள் என வரையறுத்தது. இரண்டே ஆண்டுகளில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனை 35க்கு மேல் 70க்குள் என மாற்றியது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியிழப்பர் என்பதை அது விரித்துரைத்தது. தான் வகுத்த விதி போதாதெனக் கண்ட அவை விரைவிலேயே அதனைத் திருத்திக் கல்லில் பொறித்தது. உத்திரமேரூரிடமிருந்து நாம் கற்கத்தக்கது தேர்தல் பழைமை அன்று. விதியைத் திருத்தும் துணிவும், கணக்குக் கேட்கும் ஒழுங்குமே ஆகும். இவ்வளவுகோலைக் கொண்டே 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அளத்தல் தகும்.

அரசமைப்பு அவையிலிருந்து 1992 வரை

1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்மொழிந்து பேசிய அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாகக் கொள்ள மறுத்தார். குறுகிய ஊர்ப்பற்றும் சாதிக் கட்டும் நிலவும் இடமாகவே கிராமத்தை அவர் கண்டார். அதே மாதம் 22ஆம் நாள் தமிழகத்தைச் சேர்ந்த க. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அதுவே இன்றைய 40ஆவது உறுப்பு. ஆயினும் அது வழிகாட்டு நெறிகளுள் வைக்கப்பட்டமையால் நீதிமன்றத்தின் வழியே நிலைநாட்டத்தக்க கடமையாக அமையவில்லை. அது கிராம ஊராட்சிகளை மட்டுமே குறிப்பிட்டது. நகர்ப்புறத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. உள்ளாட்சி என்னும் பொருள் மாநிலப் பட்டியலில் 5ஆவது இனமாக இடம்பெற்றது.

இதன் விளைவு, உள்ளாட்சித் தேர்தல் மாநில அரசுகளின் வசதிக்கு உட்பட்டதாயிற்று. தமிழகத்திலேயே 1970க்குப் பின் ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் நடைபெற்றது. அதற்கடுத்த தேர்தல் 1996இல் நிகழ்ந்தது. இந்நிலையை மாற்ற 1989இல் கொண்டுவரப்பட்ட 64, 65ஆவது திருத்த முன்வரைவுகள் மாநிலங்களவையில் தோல்வியுற்றன. பின்னர் 1992 டிசம்பரில் நிறைவேறிய 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. குடியரசு தோன்றி 43 ஆண்டுகளுக்குப் பின் அரசமைப்பு மூன்றாவது அடுக்கைத் தன்னுள் ஏற்றது. 1996ஆம் ஆண்டுத் தேர்தலும் இத்திருத்தங்களின் கட்டாயத்தால் விளைந்ததே. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

இரு வினைமுற்றுகள்

ஒரு சட்டப் பனுவலைத் திறனாய்பவர் முதலில் அதன் வினைமுற்றுகளைக் காண வேண்டும். ‘வேண்டும்’ என முடியும் தொடர் கடமையை உருவாக்குகிறது. ‘லாம்’ என முடியும் தொடர் இசைவை மட்டுமே தருகிறது. 74ஆவது திருத்தத்தில் இவ்விரண்டும் எங்கெங்கு அமைந்துள்ளன என்பதை நோக்கினால் அதன் உள்ளமைப்புப் புலப்படும்.

மன்றத்தின் காலம் ஐந்தாண்டு என்றும், அக்காலம் முடியுமுன் தேர்தல் முடிக்கப்பட வேண்டும் என்றும், கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வேண்டும் என்றும் 243-யு உறுப்பு கூறுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கான இடஒதுக்கீட்டை 243-டி உறுப்பு கட்டாயமாக்குகிறது. மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பும் இவ்வாறே கட்டாயமானது. ஆனால் 12ஆவது அட்டவணையின் 18 பொருள்கள் தொடர்பான அதிகாரங்களை வழங்கும் 243-டபிள்யூ உறுப்பு இசைவுத் தொடராகவே அமைந்துள்ளது: மாநிலச் சட்டமன்றம் அளிக்கலாம், அளிக்காமலும் இருக்கலாம். வரி விதிக்கும் அதிகாரமும் அவ்வாறே. சுருங்கக் கூறின், மன்றம் பிறக்க வேண்டும் என்று ஆணையிட்ட அரசமைப்பு, பிறந்த மன்றம் செயற்பட வேண்டும் என்று ஆணையிடவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புடன் இதனை ஒப்பிடலாம். அவ்வரசமைப்பு உள்ளாட்சியைத் தேசிய, மாகாண அரசுகளோடு இணைந்தும் தனித்தும் நிற்கும் ஓர் ஆட்சித்தளமாக ஏற்கிறது. உள்ளாட்சிக்கு உரிய பொருள்களை அதன் அட்டவணைகளே நேரடியாக வழங்குகின்றன. காலத்தால் நான்கே ஆண்டுகள் பிந்திய அவ்வாவணம் நம் திருத்தம் தயங்கி நின்ற இடத்தைக் கடந்து சென்றது.

மற்றோர் இடமும் கருதத்தக்கது. மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை 243-ஆர் உறுப்பு மாநிலச் சட்டத்துக்கு விட்டுள்ளது. தமிழகப் பேரூராட்சித் தலைவரை 1996, 2001ஆம் ஆண்டுகளில் வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006இல் மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். 2011இல் மீண்டும் வாக்காளர். 2022இல் மீண்டும் உறுப்பினர்கள். நேர்முகத் தேர்தல் சிறந்ததா, மறைமுகத் தேர்தல் சிறந்ததா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. ஆனால் தொடர்ந்து வந்த மூன்று தேர்தல்களிலும் முந்தைய முறை மாற்றப்பட்டிருப்பின், அங்கு வாக்காளரின் உரிமை ஆட்சியாளரின் உத்திக்கு உட்பட்டதாகிவிடுகிறது.

மாறிவரும் நிலப்பகுதியும் மாற்றப்படும் ஊரும்

243-கியூ உறுப்பு நகர்ப்புற உள்ளாட்சியை மூவகைப்படுத்துகிறது: பெருநகர்ப் பகுதிக்கு மாநகராட்சி, சிறுநகர்ப் பகுதிக்கு நகராட்சி, ஊர்ப்புறத்திலிருந்து நகர்ப்புறமாக மாறிவரும் பகுதிக்கு நகரப் பஞ்சாயத்து. தமிழகத்தின் பேரூராட்சி இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆயினும் அதன் வரலாறு திருத்தத்துக்கு முந்தியது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமே சிற்றூராட்சி, பேரூராட்சி எனப் பிரித்தது. 1981இல் பேரூராட்சிகளுக்கெனத் தனி இயக்ககம் ஏற்பட்டது. ஆண்டு வருவாயைக் கொண்டு இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை எனத் தரம் பிரிக்கப்பட்டன.

ஓரிடம் எவ்வகையைச் சார்ந்தது என்பதை மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், வேளாண்மை சாராத வேலைவாய்ப்பின் விழுக்காடு, பொருளியல் முதன்மை ஆகியவற்றைக் கருதி ஆளுநர் அறிவிக்கை வாயிலாக வரையறுக்கலாம். நடைமுறையில் இது மாநில அரசின் முடிவு. அவ்வூர் மன்றத்தையோ மக்களையோ கேட்டாக வேண்டும் என்னும் விதி அரசமைப்பில் இல்லை. இவ்வின்மை எத்தகைய விளைவைத் தரும் என்பதை 2004–2006 காலக்கட்டம் காட்டிற்று.

2004 ஜூன் மாதத்தில் தமிழகத்தின் 611 பேரூராட்சிகளுள் 30,000க்கு மேற்பட்ட மக்கள்தொகை உடைய 50 பேரூராட்சிகள் மூன்றாம் நிலை நகராட்சிகளாக்கப்பட்டன. எஞ்சிய 561 பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. பின்னாளிலும் பேரூராட்சியாகவே தொடரும் ஜலகண்டாபுரம் இவ்விரண்டாம் தொகுதியில் அடங்கியது. ஊரக வளர்ச்சித் திட்டங்களுக்கான ஒன்றிய அரசின் நிதியைப் பெறும் வாய்ப்பே இம்மாற்றத்துக்கு உரிய காரணமாகக் கூறப்பட்டது. 2006 ஜூலையில் ஆட்சி மாற்றத்தை அடுத்து அவை மீண்டும் பேரூராட்சிகளாயின.

இதனை நிர்வாக மாற்றம் என்று கடந்துவிடுதல் எளிது. ஆனால் 2001இல் பேரூராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதே பதவிக் காலத்துக்குள் சிறப்புச் சிற்றூராட்சி உறுப்பினராகி, மீண்டும் பேரூராட்சி உறுப்பினரானார். நெசவாளர் தறியிலேயே இருந்தார். தெரு பெயராமல் இருந்தது. ஊர் மட்டும் அரசமைப்பின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் சென்று திரும்பியது. மாறிவரும் நிலப்பகுதி என்னும் தொடர் ஓர் இயல்பான வளர்ச்சியைக் குறிப்பதாக வரைவாளர் கருதியிருக்கலாம். நடைமுறையில் நிலம் தானே மாறவில்லை. நிதியின் போக்குக்கேற்ப மாற்றப்பட்டது.

இவ்வகைப்பாட்டின் விளைவுகள் மூன்று நிலைகளில் மக்களைத் தொடுகின்றன. முதலாவது வாக்கு. ஜலகண்டாபுரத்தை அடுத்த சிற்றூராட்சி ஒன்றின் வாக்காளர் உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நால்வர்க்கு வாக்களிக்கிறார். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் பேரூராட்சி வாக்காளர் அளித்தது ஒரே ஒரு வாக்கு.

இரண்டாவது அவை. 9ஆம் பகுதி கிராம சபையை வாக்காளர் அனைவரும் அடங்கிய அமைப்பாக ஏற்கிறது. தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள்கள் அதற்கென வகுக்கப்பட்டுள்ளன. 9-அ பகுதியில் இதற்கு இணையான மக்கள் அவை இல்லை. அப்பகுதி கூறும் வார்டு குழுக்களும் மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே கட்டாயம். சிற்றூரினர் தம் தலைவரை எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். மாநகரில் வார்டு குழுவுக்கேனும் அரசமைப்பின் பற்றுக்கோடு உண்டு. இடைப்பட்ட பேரூரினர்க்கு இரண்டும் இல்லை. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் மாநில விதிகளால் வந்தது மாநில விதிகளாலேயே நீங்கவும் கூடும். கேரளம் ஒரு இலட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு சபையைத் தன் 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலேயே இணைத்திருப்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

மூன்றாவது வேலை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலையை உரிமையாக்கியது. பேரூராட்சி எல்லைக்குள் வாழும் நிலமற்ற கூலித் தொழிலாளர் அவ்வுரிமைக்கு வெளியே நின்றார். சிற்றூராட்சியை நகராட்சியுடன் இணைக்கும் முயற்சி எழும்போதெல்லாம் மக்கள் அதனை எதிர்ப்பதற்கு இஃது ஒரு வலுவான காரணம். ஜலகண்டாபுரத்துக்கு அண்மையில் உள்ள தாரமங்கலமும் இடங்கணசாலையும் 2021இல் நகராட்சிகளாகத் தரம் உயர்ந்தன. தரம் உயர்தல் என்னும் சொல்லாட்சியே அரசின் பார்வையில் அமைந்தது. உரிமைகளை எண்ணிப் பார்க்கும் குடிமகனுக்கு அது சில வேளை இறக்கமாகவும் தோன்றலாம்.

வேண்டும் என்பதும் நிகழாத காலம்

இதுவரை இசைவுத் தொடர்களின் குறை பேசப்பட்டது. கடமைத் தொடர்கள் நிறைவேறினவா என்பது அடுத்த வினா. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழக உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் 17, 19ஆம் நாள்களில் நடைபெறவிருந்த தேர்தலுக்கான அறிவிக்கை விதிப்படி அமையவில்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. தொடர்ந்து வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்களின் உருவாக்கம், வழக்குகள் எனக் காலம் நீண்டது. 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றும் நடந்தன. சேலம் மாவட்டச் சிற்றூராட்சிகளில் 2020 ஜனவரியிலேயே தலைவர்கள் பொறுப்பேற்றனர். அதே மாவட்டப் பேரூராட்சிகளில் தனி அலுவலர் ஆட்சி மேலும் ஈராண்டுக்கு மேல் தொடர்ந்தது. ஆக, 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, ஒரு முழுப் பதவிக் காலத்தினும் மிகுந்த காலம், பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை.

காலம் முடியுமுன் தேர்தலை முடிப்பது தேர்தல் ஆணையத்தின் அரசமைப்புக் கடமை என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2006இலேயே தீர்ப்பளித்திருந்தது. விதியும் தெளிவு, தீர்ப்பும் தெளிவு. குறை எங்கே? கடமையை மீறிய அரசுக்கு அரசமைப்பு எவ்விளைவையும் வகுக்கவில்லை. விளைவு ஒன்று இருந்தது. அஃது எதிர்த்திசையில் பாய்ந்தது. 14ஆவது நிதிக்குழுவின் மானியம் முறைப்படி அமைந்த உள்ளாட்சிகளுக்கே உரியதாகையால், தேர்தல் நடக்காத இடங்களுக்கு உரிய தொகை நிறுத்தப்பட்டது. தேர்தலை நடத்தாதவர் அரசு. நிதியை இழந்தவர் ஊரார். மாவட்டத் திட்டக்குழு உறுப்பினர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டும் என்பதால், அதன் அடித்தளமும் அக்காலத்தில் நழுவிற்று.

இது கடந்துபோன பிழை என்று அமைதி கொள்வதற்கும் இடமில்லை. 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தலுக்கு மாறாகத் தனி அலுவலர்களே மீண்டும் வந்தனர். 1991–1996, 2016–2022, 2025 என ஆட்சிகள் மாறியும் இப்போக்கு திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காணும்போது, இதனை ஒரு கட்சியின் பிழை என்று சுருக்குதல் ஆய்வு நேர்மை ஆகாது. இது பனுவலின் அமைப்பிலேயே உள்ள இடைவெளி.

இலங்கையின் அண்மை அனுபவம் இங்குப் பயன்படும். அங்கு 2023 மார்ச்சில் நடைபெற வேண்டியிருந்த உள்ளூராட்சி மன்றத் தேர்தல் நிதியின்மையைக் காரணம் காட்டித் தள்ளிப்போயிற்று. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2025 மே 6 அன்று தேர்தல் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தலை நிர்வாகக் கால அட்டவணையாகக் கருதாமல் குடிமகனின் அடிப்படை உரிமையாக அத்தீர்ப்பு கண்டது. நம் சட்டச் சிந்தனை கைக்கொள்ளத்தக்க மாற்றம் இது.

ஓலை இல்லாதோர் நுழைந்த குடம்

திருத்தத்தின் குறைகளை மட்டுமே கூறுவது ஒருபக்கச் சார்பாகும். கால் வேலி நிலமும் வேதக் கல்வியும் கேட்ட குடத்துக்குள் நிலமற்றோரும் பெண்களும் பட்டியல் சாதியினரும் நுழைந்தது 1992க்குப் பின்னரே பரவலாயிற்று. அரசமைப்பு பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கைக் குறைந்த அளவாக வைத்தது. தமிழகம் 2016இல் அதனை 50 விழுக்காடாக உயர்த்தியது. மாநிலத்தின் விருப்பம் நல்ல திசையிலும் இயங்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் நுழைந்தவர்க்கு நேர்ந்ததையும் கூற வேண்டும். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் பட்டியல் சாதியினர் தலைமை ஏற்பது தடுக்கப்பட்டு, 2006இல்தான் தடை நீங்கியது. 1948இல் அம்பேத்கர் கிராமத்தின் மீது கொண்ட ஐயம் மிகையன்று என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. எனவே அதிகாரத்தைக் கீழே இறக்கினால் மக்களாட்சி தானே மலரும் என்று கூறுதல் இயலாது. அதிகாரப் பகிர்வும் சமூகநீதிப் பாதுகாப்பும் ஒருங்கே செல்ல வேண்டும். கட்டாயத் தொடராக எழுதப்பட்ட இடஒதுக்கீடு இத்துணை எதிர்ப்புக்கிடையிலும் நிலைபெற்றது. இசைவுத் தொடராக எழுதப்பட்ட அதிகாரம் எதிர்ப்பே இல்லாமல் உறங்கியது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று.

மாநில சுயாட்சி எங்கு நிற்கிறது?

இவ்வாதத்துக்கு ஒரு முதன்மையான மறுப்பு எழும். உள்ளாட்சி மாநிலப் பட்டியலுக்கு உரிய பொருள். அதிகாரப் பகிர்வை அரசமைப்பே கட்டாயமாக்கினால் அது மாநில உரிமையில் ஒன்றியத்தின் தலையீடாகாதா என்பதே அது. 1969இல் இராஜமன்னார் குழுவை அமைத்து, 1971இல் அதன் அறிக்கையைப் பெற்று, 1974இல் சட்டமன்றத் தீர்மானமும் நிறைவேற்றிய மாநிலத்தில் இவ்வினா இயல்பானது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஒன்றிய–மாநில உறவுகளை ஆராயத் தமிழக அரசு உயர்நிலைக் குழுவை அறிவித்திருப்பது, அரசமைப்பைப் புதுப்பித்தல் குறித்த விவாதத்தைத் தமிழகம் இன்றும் முன்னெடுப்பதைக் காட்டுகிறது.

மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. பல்வேறு சமூக, நில அமைப்புகளைக் கொண்ட நாட்டில் உள்ளாட்சி வடிவங்கள் ஒரே அச்சில் வார்க்கப்படக் கூடாது. பேரூராட்சி என்னும் வகையே தமிழகத்தின் தனி அனுபவத்தில் விளைந்தது. ஆனால் வடிவத்தில் மாநிலத்துக்கு உரிமை இருப்பது வேறு. மன்றம் அதிகாரத்தோடு இருப்பதா வேண்டாவா என்பதில் உரிமை இருப்பது வேறு. அதிகாரம் மக்களுக்கு அண்மையில் இருக்க வேண்டும் என்னும் அடிப்படையில்தான் மாநிலம் தில்லியிடம் உரிமை கேட்கிறது. அதே அடிப்படையில் ஜலகண்டாபுரம் சென்னையிடம் கேட்கக் கூடாதா? கொள்கை என்பது எல்லா மாடிகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மேல் மாடியை நோக்கிப் பேசும்போது தன்னாட்சி, கீழ் மாடியை நோக்கிப் பேசும்போது தனி அலுவலர் என அமையுமாயின் அது கொள்கை ஆகாது. நிலைப்பாடு மட்டுமே ஆகும். தமிழ் அரசியல் சிந்தனையின் வளமான இம்மரபு தன் ஏரணத்தை இறுதிவரை பின்தொடர்ந்தால், உள்ளாட்சியின் வலுவான அரணாக அதுவே அமையும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. உள்ளாட்சியின் இருப்பைக் கட்டாயமாக்கிய 74ஆவது திருத்தம் அதன் அதிகாரத்தை விருப்பத்துக்கு விட்டமையால், அரசமைப்பின் நவீனமாக்கம் பாதியில் நிற்கிறது. இக்குறை பேரூராட்சிகளில் மிகுதியாக வெளிப்படுகிறது. ஊராட்சிக்கு உரிய கிராம சபையும், பெருநகருக்கு உரிய வார்டு குழுவும் ஆகிய இருவகைப் பாதுகாப்புக்கும் அவை வெளியே உள்ளன. கட்டாயத் தொடர்களும் மீறலுக்கு விளைவு வகுக்கப்படாதபோது வலுவிழக்கின்றன.

இவற்றைக் கருதி நான்கு மாற்றங்கள் பரிந்துரைக்கத்தக்கன. ஒன்று, வாக்காளர் அனைவரும் அடங்கிய மக்கள் அவை 9-அ பகுதியிலும் அரசமைப்பு உறுப்பாக வேண்டும். இரண்டு, ஓர் ஊரின் வகைப்பாட்டை மாற்றுமுன் அவ்வூர் மக்கள் அவையின் கருத்தைப் பெறுதல் வேண்டும். மாற்றம் பதவிக் காலத்தின் இறுதியில் மட்டுமே நடைமுறைக்கு வருதல் வேண்டும். மூன்று, வார்டு மறுவரையறைப் பணி மாநிலத் தேர்தல் ஆணையத்தின் நிலையான பொறுப்பாதல் வேண்டும். மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளிவைக்கும் காரணமாகக் கூடாது. நான்கு, 12ஆவது அட்டவணையின் பொருள்களுள் குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு போன்ற சிலவற்றையேனும் அரசமைப்பே நேரடியாக மன்றத்துக்கு உரியதாக்க வேண்டும். முதல் இரண்டையும் மாநிலச் சட்டத்தாலேயே இன்றே தொடங்கலாம். அதற்கு நாடாளுமன்றத்தை எதிர்நோக்க வேண்டியதில்லை.

தமிழாய்வுக்கும் இதில் ஒரு பணி உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டை வரி வரியாகப் படித்த நம் புலமை, பேரூராட்சி மன்றத்தின் தீர்மானப் பதிவேட்டையும் அதே கூர்மையுடன் படிக்க வேண்டும். யார் பேசினார், எது தீர்மானமாயிற்று, எக்கணக்கு கேட்கப்பட்டது, எக்கணக்கு கேட்கப்படவில்லை என்பவை அப்பதிவேட்டில் தமிழிலேயே உள்ளன. 921இல் ஒரு சபை கணக்குக் காட்டாதவரை விலக்கிக் கல்லில் எழுதியது என்பதை நாம் அறிவோம். 2016 முதல் 2022 வரை ஜலகண்டாபுரத்தில் கணக்குக் கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லை என்பதும் நம் வரலாற்றின் பகுதியே. முன்னதைப் போற்றிப் பின்னதை மறப்பது ஆய்வு ஆகாது.